கொளுத்தப்பட்ட பேட்டைக்குக் கல்வெட்டு எங்கே?

தோழரே!

கோட்டை என்ற சொல் செவியில் விழுந்ததும் உம் மனக்கண்முன் எழுவது எது? கொற்றவன் வீற்றிருக்கும் கொலு மண்டபம், கொத்தளத்திலே பறக்கும் கொடி, குதிரைக் குளம்பொலி, கட்டியங்காரன் குரல் — இவைதாமே? அப்படித்தான் நமக்குக் கற்பித்தார்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் எழுதிற்று. நாடக மேடையும் அப்படித்தான் காட்டிற்று. நாடகம் எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்: மேடையில் அரசனுக்கு ஆயிரம் வரி வசனம் உண்டு, அமைச்சனுக்கு ஐந்நூறு வரி உண்டு, விதூடகனுக்குக்கூட நூறு வரி உண்டு. ஓரத்திலே ஈட்டி பிடித்து நிற்பவனுக்கு என்ன உண்டு? நிற்பது உண்டு, திரை விழுந்ததும் போவது உண்டு. அவன் வசனமில்லாப் பாத்திரம்!

வரலாறு என்னும் நாடகத்திலும் வசனமில்லாப் பாத்திரங்களே தொகையில் மிகுதி. அவர்களுக்காக இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வார்த்தை பேச விரும்புகிறேன். பேசுவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்குப் பெரம்பலூர்ச் சீமைக்கு, வேப்பந்தட்டைப் பக்கம் வாரும்.

மேற்கே பச்சைமலை. அடிவாரத்திலிருந்து கிழக்கே விரியும் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண். வானம் கண் திறந்தால் வாழ்வு. வானம் கண்ணை மூடினால் வட்டிக்கடை. அரும்பாவூரின் மரச்சிற்பிகள் இந்த வட்டாரத்தார்தாம். அவர்கள் கைத்திறத்துக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேப்பந்தட்டையிலே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசு கலைக்கல்லூரியும் இருக்கிறது. 1995-இல் திருச்சி மாவட்டத்தினின்றும் பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று.

இந்த வட்டாரத்துக்கு அண்மையில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் ஓரத்தே, ஒரு பாறைமேல் நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தவர் கண்ணில் ஒரு நொடி தெரியும், மறுநொடி மறையும். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அதைப் பார்க்கிறார்கள். அது யாருடையது என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டவருக்குச் சரியான விடை சொன்னவர் எத்தனை பேர்?

17-ஆம் நூற்றாண்டில், கருநாடக நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டுவித்தது என்பது வழங்கும் வரலாறு. செதுக்கிய கல்லை அடுக்கி எழுப்பிய மதில், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிலை அரண். உள்ளே மாளிகையின் எச்சம், நிலவறை, தொழுகைக்கு ஒரு பள்ளிவாசல். இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னம்.

'கட்டுவித்தது' என்று சொன்னேன், கவனித்தீரா தோழரே? 'கட்டியது' என்று சொல்லவில்லை. இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவுதான் நமது கட்டுரையின் பொருள். கட்டுவித்தவன் ஒருவன், கட்டியவர் பலர். பாறையைப் பிளந்தவன் ஒருவன், பிளந்த கல்லைச் சுமந்தவள் ஒருத்தி, அகழியை வெட்டியவன் ஒருவன், சுண்ணாம்பு அரைத்தவள் ஒருத்தி. கட்டுவித்தவனுக்காவது 'ஜாகீர்தார் ஒருவர்' என்று அரைவரி கிடைத்தது. கட்டியவர்க்கு அந்த அரைவரியும் இல்லை! அகழிக்குள் வியர்வை சிந்தியவன் அகழிக்கு வெளியிலேயே நின்றான். மதிலை எழுப்பியவன் அம்மதில் எழுந்து முடிந்ததும், வாயிற்காவலனிடம் 'உள்ளே வரலாமா?' என்று கேட்டு நின்றான்.

சரி, அந்தக் கோட்டை மக்களைக் காத்ததா? அதையும் பார்ப்போம். பார்ப்பதற்கு 1751-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்நாளில் தமிழ்நாட்டில் ஒரு பெரும் சூதாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆர்க்காட்டு நவாபின் அரியணைக்கு இருவர் போட்டி. முகமது அலி ஒருபுறம். அவர் முதுகுக்குப் பின்னே ஆங்கிலக் கம்பெனி. சந்தா சாகிப் மறுபுறம். அவர் முதுகுக்குப் பின்னே பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியிலே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அரியணை நம் நாட்டில். அடிதடி நம் வயலில். ஆதாயம் மட்டும் கடல் தாண்டி! ஆட்டுக்குட்டிக்காக இரண்டு ஓநாய்கள் வழக்காடினால், தீர்ப்பு எதுவானாலும் ஆட்டுக்குட்டிக்கு என்ன மிச்சம்?

ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் அவர்களோடு சிப்பாய்களும் ஆப்பிரிக்கர் படைப்பிரிவு ஒன்றும் கேப்டன் ஜின்ஜென் என்பவர் தலைமையில் புறப்பட்டு வந்தனர். முகமது அலியின் படையும் சேர்ந்துகொண்டது. எதிரே சந்தா சாகிபின் பெரும்படை. துணைக்குத் தொத்தேல் தலைமையில் பிரெஞ்சுப் படை. இரு படைகளும் சந்தித்த இடம் வாலிகண்டபுரம். சோழர் காலத்து வாலீசுவரர் கோயில் இருக்கும் அந்த ஊரின் பெயரை வெள்ளையர் நாக்கு 'வால்கொண்டா' ஆக்கிற்று. அவர்கள் வால்கொண்டாக் கோட்டை என்று குறித்தது நமது ரஞ்சன்குடிக் கோட்டையையே என்பர்.

இந்தச் செய்திகளை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்பவர். 1728-இல் கேரளக் கரையின் அஞ்சுதெங்கில் பிறந்த ஆங்கிலேயர். சென்னையில் கம்பெனி ஆட்சிக் குழுவில் இருந்தவர். அவரது போர் வரலாற்றின் முதற்பகுதி 1763-இல் வெளிவந்தது. அவர் நம் கட்சிக்காரர் அல்லர், தோழரே! கம்பெனியின் உப்பைத் தின்றவர். அந்த ஓர்ம் சொல்வதைக் கேளும்.

கோட்டைத் தலைவன் இரு பக்கத்தாரும் அனுப்பிய தூதருக்கும் இனிக்க இனிக்கப் பேசினான். 'யாருக்குக் கதவு திறப்பாய்?' என்றால், வெல்பவருக்குத் திறப்பது என்பதே அவன் உள்ளக்கிடக்கை. மதில்மேற்பூனை என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதனினும் பொருத்தமான மதில் வேறு எங்கே இருக்கிறது? நாட்கள் நகர்ந்தன. ஆங்கிலப் படைத்தலைவனின் பொறுமை அற்றது. ஓர் இரவில் தாக்குதல் தொடங்கிற்று.

எதைத் தாக்கினார்கள்? கற்கோட்டையையா? அதற்கு முன்னே பேட்டை இருந்தது. பேட்டை என்றால் என்ன? நெய்பவன், உழுபவன், விற்பவன், சுமப்பவன் வாழ்ந்த இடம். கோட்டைக்குக் கல் மதில் மூன்று. பேட்டைக்கு மண் மதில் ஒன்று! அந்த மண் மதிலை எளிதில் தாண்டினார்கள். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பிறகு கற்கோட்டையை முட்டிப் பார்த்தார்கள், அது பணியவில்லை.

சற்றே நின்று எண்ணிப் பாரும். சண்டையோ நவாபுக்கும் நவாபுக்கும். பேரமோ படைத்தலைவனுக்கும் கோட்டைத் தலைவனுக்கும். எரிந்ததோ பேட்டை! கல்லுக்குள் இருந்தவன் தலைமுடியும் கருகவில்லை. மண் சுவருக்குள் இருந்தவன் கூரை சாம்பலாயிற்று. நவாபு யார் என்று அவன் கண்டதில்லை. கம்பெனி எது என்று அவன் கேட்டதில்லை. ஆயினும் அந்தப் பகைக்கு விலை கொடுத்தவன் அவனே.

பிறகு நடந்தது என்ன? கோட்டைத் தலைவன் பூனை வேடத்தைக் களைந்தான். சந்தா சாகிபுக்கு ஆளனுப்பினான். பிரெஞ்சுப் படை நெருங்கிற்று. பேட்டையைக் கொளுத்தப் பாய்ந்த வீராதிவீரர்கள், பீரங்கிச் சத்தம் கேட்டதும் என்ன செய்தார்கள்? ஓடினார்கள்! தலைவர்கள் தடுத்தும் நிற்காமல் ஓடினார்கள். அந்தப் படையிலே ராபர்ட் கிளைவும் இருந்தார் — ஆம், அதே கிளைவ்தான், பிற்காலத்தில் பிளாசி வெற்றியின் பெயரால் பிரபு ஆனவர்! அவராலும் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை. களத்திலே உறுதி காட்டி நின்றது ஆப்பிரிக்கர் படைப்பிரிவு. இறந்தவரையும் புண்பட்டவரையும் எடுத்து வந்தவர்கள் அந்தக் கறுப்பின மக்களே. ஊர் பறிக்கப்பட்டு, கடல் கடத்தப்பட்டு, அயலான் போருக்கு ஆளாக்கப்பட்டவர்கள், தம்மை ஆண்டவர்களின் மானத்தைச் சுமந்து திரும்பினார்கள். அவர்கள் பெயரைக் குறித்துவைத்த ஏடு உண்டா?

இப்போது இன்னொரு வேடிக்கையைச் சொல்கிறேன். ரஞ்சன்குடியைப் பற்றி அச்சிலும் இணையத்திலும் உலவும் வழிகாட்டிக் குறிப்புகளைப் புரட்டிப் பாரும். '1751-இல் இங்கே நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றனர்' என்ற வாசகம் உம் கண்ணில் படும். வென்றவனே வெட்கத்தோடு 'ஓடினோம்' என்று எழுதிவைத்திருக்கிறான். நம்மவரோ 'இல்லை ஐயா, நீர் வென்றீர்' என்று மாலை போடுகிறார்கள்! எசமானன் எழுதிய தோல்வியை ஏவலாள் திருத்தி வெற்றியாக்கும் விந்தையை வேறு எந்த நாட்டிலாவது கண்டதுண்டா?

குழப்பம் எங்கே பிறந்திருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு, 1752 சூன் திங்களில், அதே வால்கொண்டாவில் காட்சி தலைகீழாயிற்று. சீரங்கத்தில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுப் படைக்கு உதவப் போன தொத்தேல், கிளைவால் மறிக்கப்பட்டுப் பின்வாங்கி வால்கொண்டாவில் சரண் புகுந்தார். அடுத்த சில நாட்களில் சீரங்கத்துப் பிரெஞ்சுப் படையும் பணிந்தது. சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. ஆக, 1751-இல் இங்கே ஓடியவன் ஆங்கிலேயன். 1752-இல் இங்கே பணிந்தவன் பிரெஞ்சுக்காரன். இரண்டு ஆண்டு, இரண்டு நிகழ்ச்சி, இரண்டு முடிவு. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து, வென்றவன் நெற்றியில் இரண்டு திலகமும் வைத்துவிட்டார்கள்.

'ஓராண்டு வேறுபாட்டுக்கா இத்தனை ஓசை?' என்று கேட்பீர். ஓராண்டுதான். ஆனால் 1751-ஐ மறைத்தால் எது மறைகிறது தெரியுமா? கொளுத்தப்பட்ட பேட்டை மறைகிறது! ஆங்கிலேயன் வென்றான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அந்த இரவில் யார் வீட்டுக் கூரை எரிந்தது என்ற கேள்விக்கே இடமில்லாமற் போகிறது. வரலாற்றில் பொய் நுழைவதெல்லாம் இப்படித்தான், தோழரே. பெரிய பொய் கதவைத் தட்டிக்கொண்டு வராது. சிறு பிழையின் தோளிலேறி, சன்னல் வழியாக வரும்.

இந்த இடத்தில் மூன்று வகையார் எழுந்து நின்று என்னை மறுப்பார்கள். ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவோம்.

முதலாமவர் பொற்காலவாதி. 'அந்தக் காலத்திலே அரசர்கள் எப்படி ஆண்டார்கள் தெரியுமா? கோட்டையைப் பார், கொத்தளத்தைப் பார்' என்பார். பார்த்தோம், ஐயா! மூன்று சுற்று மதிலையும் பார்த்தோம். மதிலுக்கு வெளியே கைவிடப்பட்ட மண் சுவரையும் பார்த்தோம். ஒரு காலம் பொற்காலமா என்று அறிய அதன் மாளிகையை அளக்கக் கூடாது. அந்தக் காலத்துக் குடிசை எவ்வளவு எளிதில் எரிந்தது என்பதைத்தான் அளக்க வேண்டும். கல்லின் அழகை நாம் போற்றுகிறோம். அது கல்தச்சன் கைக்குச் செலுத்தும் வணக்கம். அவனை வேலை வாங்கியவன் காலுக்குச் செலுத்தும் வணக்கம் அன்று.

இரண்டாமவர் பங்கு பிரிப்பவர். 'கட்டுவித்தவர் எந்த மதத்தார்? அது அவர்களுடையதா, நம்முடையதா?' என்று பாறைமேல் கோடு கிழிக்க வருவார். இவர் இந்நாளில் பெருகி வருகிறார். ஆகவே இவரிடம் சற்று உரக்கவே பேச வேண்டும். கோட்டைக்குள் பள்ளிவாசல் இருக்கிறது; கூப்பிடு தொலைவு கடந்தால் வாலீசுவரர் கோயில் இருக்கிறது. இரண்டுக்கும் கல் கொடுத்தது இந்த மண். இரண்டுக்கும் தோள் கொடுத்தவர் இந்த மக்கள். 1751-இல் பேட்டைக்குத் தீ வைத்தவன் ஒவ்வொரு வாசலிலும் நின்று 'நீ எந்தத் தெய்வத்தைத் தொழுகிறாய்?' என்று கேட்டுவிட்டா வைத்தான்? நெருப்புக்கு மதமில்லை, நெருப்பு வைப்பவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது. கோட்டை யாருடையது என்று கேட்டால், நமது விடை ஒன்றே: கட்டிய கைகளின் வழித்தோன்றல்களுடையது. அதாவது, எல்லாருடையது.

மூன்றாமவர் நல்லவர், நம்மவர். பசியறிந்தவர். 'தோழா, பருத்திக்கு விலையில்லை, ஏரிக்கு நீரில்லை, 2018-இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று தீர்த்தபோது நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? இந்த நேரத்தில் பழங்கல்லுக்குப் பரணி பாடுகிறாயே' என்று கேட்பார். இவர் கேள்வியில் நியாயமிருக்கிறது. இவருக்கு எள்ளலோடு விடை சொல்ல மாட்டேன். கைகட்டி நின்றே சொல்வேன்.

ஐயா, விலை கேட்பதற்கும் வரலாறு கேட்பதற்கும் வேண்டியது ஒரே நெஞ்சுரம். தராசுமுள் ஏன் அவன் பக்கம் சாய்கிறது என்று கேட்க அஞ்சுபவன் எப்படி உருவாகிறான்? 'நாம் என்றும் வெறும் கூட்டம். நமக்கு வசனமில்லை' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு உருவாகிறான். தன் முப்பாட்டன் கட்டிய மதிலைப் பார்த்து 'இது ராசாவுடையது' என்று ஒதுங்கப் பழகியவன், தன் வரிப்பணத்தில் எழுந்த வட்டாட்சியர் அலுவலகத்தின் படியிலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான். இது பொதுக்கட்டடம், இதன் ஒவ்வொரு செங்கல்லிலும் எனக்குப் பங்குண்டு என்ற எண்ணம் நெஞ்சில் ஊறிவிட்டால், அவன் நிமிர்ந்து நுழைவான்; நிமிர்ந்து கேட்பான். வயிற்றுக்கு வழி கேட்கும் குரலுக்கு வலுவூட்டவே வரலாறு கேட்கிறோம்.

உலகைப் பாருங்கள். பாரிசு நகரத்து மக்கள் 1789 சூலை 14 அன்று பாஸ்டில் கோட்டையைத் தாக்கினர். பிறகு அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டது. அதை எல்லாரும் பேசுவர். ஆனால் அதே மக்கள் அரசனுடைய லூவர் அரண்மனையை என்ன செய்தனர்? இடிக்கவில்லை. 1793-இல் அதைப் பொது அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தனர். அரசனும் அவன் விருந்தினரும் மட்டும் கண்டு களித்த ஓவியங்களின்முன் சாமானியன் வந்து நின்றான். சிறைக்கூடத்தைத் தகர்த்தது வீரம்; அரண்மனையைப் பொதுவாக்கியது அறிவு. கோட்டையை மக்கள் கைப்பற்றும் முறை இடிப்பது மட்டும் அன்று. உள்ளே நுழைந்து, இது எங்களுடையது என்று எழுதிவைப்பதும் ஆகும்.

பொதுக்கட்டடத்தின் வலிமையை ஆளவந்தோர் நம்மைவிட நன்கு அறிவார்கள் என்பதற்கு ஒரு சான்று வேண்டுமா? பாக் நீரிணைக்கு அப்பால் பாரும். யாழ்ப்பாணப் பொது நூலகம். 1930-களில் ஒரு தனிமனிதரின் வீட்டில் சிறு வாசகசாலையாக முளைத்து, ஊரார் திரட்டிய பொருளால் வளர்ந்து, 1959-இல் எழிலார்ந்த கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு அதற்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதற்குள்ளே பீரங்கியா இருந்தது? படையா இருந்தது? ஒரு மக்கள் தம்மை இன்னார் என்று அறிந்துகொள்ளும் ஏடுகள் இருந்தன. அதனாலேயே அது எரிந்தது. நினைவில்லா மக்களை ஆள்வது எளிது என்பதை எரித்தவன் அறிந்திருந்தான். அந்த மக்களும் விடவில்லை. கட்டடம் மீண்டும் எழுந்தது. 2003-இல் மீண்டும் வாசகர் நுழைந்தனர்.

அங்கே நெருப்பு செய்ததை இங்கே மறதி செய்கிறது. நெருப்புக்காவது புகை உண்டு. ஊர் திரண்டு ஓடி வரும். மறதிக்குப் புகையில்லை! வட்டத்துத் தலைமையூர் ஒவ்வொன்றிலும் எண்ணிப் பாரும்: ஊர்ச் சாவடி, பழைய பள்ளிக்கூடம், ஓட்டுக்கூரைக் கச்சேரி, வழிப்போக்கர் சத்திரம், கிளை நூலகம். 1948-இல், இந்திய நாட்டில் முதன்முதலாக, பொது நூலகத்துக்கெனச் சட்டம் இயற்றிய மாகாணம் நமது சென்னை மாகாணம். அந்தப் பெருமையைப் பேசும் நாம், நம் ஊர்ப் பழங்கட்டடம் ஒன்று இடிக்கப்படும் நாளில் என்ன செய்கிறோம்? ஓடு யாருக்கு, உத்தரம் யாருக்கு என்று ஏலம் கேட்கிறோம். அதன் அடிக்கல்லில் எழுதியிருந்த ஆண்டு என்ன என்று கேட்பாரில்லை. ஒரு படம் எடுத்துவைப்பாரில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. பழஞ்சின்னங்களுக்கென நடுவண் அரசின் சட்டம் 1958-இல் வந்தது. 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறாத பழங்கட்டடங்களுக்காகத் தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று! சட்டம் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் தொட்டிலிலேயே கிடந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழகமெங்கும் எத்தனை தூண் சாய்ந்தது, எத்தனை சாவடி சரிந்தது என்று கணக்கு வைத்தவர் யார்? காகிதத்திலே காவல், களத்திலே கடப்பாரை! ஆட்சியில் எவர் இருந்தாலும் இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். நம்மவர் இருந்தால் உரிமையோடு கேட்போம். பிறர் இருந்தால் உரத்துக் கேட்போம்.

இடித்துப் பேசிவிட்டு இறங்கிப் போவது மேடைப் பேச்சாளனுக்கு எளிது. ஆகவே செய்ய வேண்டியதையும் சொல்கிறேன், நான்கே நான்கு.

ஒன்று: ரஞ்சன்குடிக் கோட்டையின் வாயிலில் நல்ல தமிழில், படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும் வகையில், வரலாறு எழுதப்பட வேண்டும். 1751-இல் நடந்தது தனியே. 1752-இல் நடந்தது தனியே. ஆங்கிலப் படை ஓடியதும் வேண்டும். பிரெஞ்சுப் படை பணிந்ததும் வேண்டும். அவற்றுக்கு முன்னே முதல் வரியாக, கொளுத்தப்பட்ட பேட்டை வேண்டும்.

இரண்டு: வேப்பந்தட்டைக் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் தத்தம் ஊர்ப் பழங்கட்டடத்தை அளந்து, படமெடுத்து, முதியோர் வாய்மொழி கேட்டு எழுதி நூலகத்தில் வைக்க வேண்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன் நான். பட்டம் பெறும் பேறு பெற்ற தம்பிகளிடமும் தங்கைகளிடமும் இதை உரிமையோடு வேண்டுகிறேன். அயலூர் அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் நீங்கள், உங்கள் ஊர்ச் சாவடியின் ஆண்டையும் கண்டறியுங்கள்.

மூன்று: எந்தப் பொதுக்கட்டடத்தை இடிப்பதானாலும், கிராம சபையில் சொல்லிவிட்டு இடிக்க வேண்டும். பழுதுபார்க்க இயலுமா என்று முதலில் கேட்க வேண்டும். இயலாதெனில், அதன் அடிக்கல்லையாவது புதிய கட்டடத்தின் சுவரில் பதிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு மூட்டை சிமென்ட்டும் ஒரு கை மனச்சான்றும் போதும்.

நான்கு: இது நமக்கே. கோட்டைச் சுவரில் காதலியின் பெயரைக் கிறுக்குகிறானே, அந்த இளைஞனைத் தடுத்து நிறுத்துங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை, ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டம் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்தாதீர். 'தம்பி, இந்தக் கல்லைச் சுமந்தவள் பெயரையே யாரும் இதில் எழுதவில்லை. நீ உன் பெயரை எழுதலாமா?' என்று கேளும். அவனுக்குப் புரியும். தேர்தல் நாளில் நம் தோழர் எவரேனும் அந்தச் சுவரில் சுண்ணாம்பு பூசிச் சின்னம் வரைய முனைந்தால், அவர் கையையும் பிடித்து நிறுத்தும். ஊர்ப் பொதுச் சொத்தை அழித்து வாங்கும் வாக்கு நமக்கு வேண்டாம்.

தோழரே! 1801-இல் கருநாடகம் முழுமையும் கம்பெனி ஆட்சிக்குள் போயிற்று. நவாபின் அதிகாரம் பறந்தது. 1947-இல் வெள்ளையன் கொடியும் இறங்கிற்று. ஜாகீர்தார் போனார், நவாபு போனார், கம்பெனி போயிற்று, பேரரசும் போயிற்று. போகாமல் இருப்பவை இரண்டு: பாறைமேல் அந்தக் கோட்டை, பாறையடியில் நமது மக்கள். கட்டுவித்தவர்கள் கடந்துபோனார்கள், கட்டியவர்கள் இன்னும் கொத்தும் கலப்பையுமாக அங்கேயே நிற்கிறார்கள். பருத்திக்காட்டில் குனிந்திருக்கும் அந்த முதுகுகள் நிமிரும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த மதில்தான்.

அதைப் பார்த்து அவர்கள் 'யாருடையதோ' என்று சொல்லும் வரையில் நமது பணி முடியவில்லை. 'எங்களுடையது' என்று சொல்லச் செய்ய வேண்டும். வசனமில்லாப் பாத்திரத்துக்கு முதல் வசனம் எழுதுவோம். அந்த வசனத்தைக் கல்லில் வெட்டுவோம்: இங்கே ஒரு பேட்டை இருந்தது; அதில் மக்கள் வாழ்ந்தார்கள்; பிறர் போருக்காக அது எரிந்தது; அவர்கள் வழிவந்தோர் இதை மறக்கவில்லை!